பிங் போட்டால் முதல் வரியைப் படியுங்கள்: இணையத் தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறை

இடம், திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி அலுவலகம். மெர்ச்சண்டைசிங், அக்கவுண்ட்ஸ், பேட்டர்ன் கேட் எல்லாம் சேர்த்து ஒன்பது சிஸ்டம். ரம்மி, பெட்டிங், கிரிக்கெட் லைவ் தளங்களை அடைக்க வேண்டும். வாட்ஸ்அப் வெப்பும் பையர் (துணி வாங்குபவர்) போர்ட்டலும் என்ன ஆனாலும் நிற்கக் கூடாது. தடுப்பு மூன்று இடத்தில் இருக்கிறது. எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவாக ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டரில் (கீழே வெறும் 'பை') பை-ஹோல், அதாவது அடைத்த தளத்தின் பெயருக்கு உண்மை முகவரி தராத மென்பொருள். டேலி ஓடும் சிஸ்டத்தில் கூடுதலாக ஹோஸ்ட்ஸ் ஃபைல், அதாவது எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று அந்த சிஸ்டத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் ஃபைல். எல்லாரும் மாறி மாறி உட்காரும் ஒரு சிஸ்டத்தில் காசு கொடுத்து வாங்கிய வடிகட்டி மென்பொருள். மூன்றையும் பிங் (ஒரு முகவரிக்குச் சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) வைத்துச் சோதித்தால் மூன்றுக்கும் மூன்று விதமாகத் திரை வரும். அதைத் தப்பாகப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம்.

"பிளாக் பண்ணியாச்சுன்னு சொன்னீங்க, ரிப்ளை வருதுங்களே அண்ணா?" என்பது அலுவலகத்தில் வழக்கமாக வரும் கேள்வி. திரையில் இருந்தது இது:

பிங்கிங் எக்ஸாம்பிள்.காம் [127.0.0.1] வித் 32 பைட்ஸ் ஆஃப் டேட்டா:
ரிப்ளை ஃப்ரம் 127.0.0.1: பைட்ஸ்=32 டைம்<1எம்எஸ் டிடிஎல்=128

தடுப்பு சரியாக வேலை செய்தால் இப்படித்தான் வரும். 127.0.0.1 என்பது அதே கம்ப்யூட்டர். தளத்தின் பெயரைக் கேட்டதற்கு "அது நீயேதான்" என்று ஹோஸ்ட்ஸ் ஃபைல் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டு, தனக்கே பதில் சொல்லிக்கொள்கிறது. நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே இருப்பதும், டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) குறையாமல் விண்டோஸ் தொடங்கும் 128-லேயே நிற்பதும் பாக்கெட் வெளியே போகவே இல்லை என்பதற்குச் சாட்சி.

இதற்கு நேர் எதிரானது "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்". நான்கு வரியும் அப்படி வந்தால் ஆள் நிம்மதியாகப் போய்விடுகிறார். ஆனால் சதுர அடைப்புக்குள் தளத்தின் உண்மையான பொது முகவரி இருந்தால் அங்கே எதுவும் அடைபடவில்லை. பல தளங்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி தங்கள் பக்கமே அடைத்து வைத்திருக்கின்றன. பிங் நான்கு தடவையும் தோற்கும். அதே பெயரை பிரவுசரில் அடித்தால் பக்கம் ஜம்மென்று திறக்கும்.

காரணம், பிங் செய்வது இரண்டு தனித்தனி வேலை. முதலில் பெயரைக் கொடுத்து முகவரி வாங்குகிறது. பிறகு அந்த முகவரிக்கு ஐசிஎம்பி எக்கோ பாக்கெட் ('இருக்கிறாயா' என்று கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்புகிறது. பெயரை வைத்து அடைக்கும் தடுப்பு முழுவதும் முதல் வேலையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பிரவுசர் தளத்தைத் திறக்கப் பயன்படுத்துவது டிசிபி 443 போர்ட், புதிய தளங்களில் யுடிபி 443-ம் உண்டு. ஐசிஎம்பிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மைக் மூஸ் 1983-இல் பிங்கை எழுதியது நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிக்க. தடுப்பு சோதிக்க அல்ல. நமக்கு அதில் பயன்படுவது அந்த முதல் வரி மட்டும்தான்.

சோதனைக்கு முன் ஏற்பாடு

சூதாட்டத் தளத்தையே அடித்துச் சோதிக்க வேண்டியதில்லை. எக்ஸாம்பிள்.காம் என்பது உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைத்த பெயர். அதைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது அடைபட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, வருடம் முழுக்கச் சோதனைப் பெயராக வைத்துக்கொள்ளலாம். கூடவே அடைக்கக் கூடாத ஒரு பெயரும் வேண்டும்; தினமும் திறக்கும் பையர் போர்ட்டலின் பெயரே போதும். இரண்டையும் சேர்த்துத்தான் பிங் போட வேண்டும். அடைத்த பெயர் மட்டும் விழுந்தால், அதாவது முதல் வரியில் அதன் உண்மை முகவரி வராவிட்டால், தடுப்பு வேலை செய்கிறது. இரண்டும் விழுந்தால் டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) செத்துக் கிடக்கிறது, அல்லது லைனே இல்லை. இந்த இரண்டாவது பெயரைப் போடாமல் "எல்லாம் பிளாக் ஆயிருச்சு" என்று சந்தோஷப்பட்டு, அரை மணி நேரம் கழித்து மெயிலே வரவில்லை என்று கூப்பாடு போடுவது வாடிக்கை.

கட்டளை: பிங் -என் 1 -4 எக்ஸாம்பிள்.காம். ஒரே ஒரு பாக்கெட் போதும், நமக்கு வேண்டியது முதல் வரிதான். -4 என்பது ஐபிவி4 (பழைய, குட்டை வகை) முகவரியை மட்டும் கேட்கச் சொல்வது. பிறகு அதையே -6 போட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும், ஐபிவி4-இல் அடைபட்ட பெயர் ஐபிவி6 (புதிய, நீண்ட வகை) வழியாக நழுவலாம். லினக்ஸில் -என் இடத்தில் -சி.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுங்கள். விண்டோஸ் முன்பு வாங்கிய முகவரியை நினைவில் வைத்திருக்கும். பட்டியலில் இப்போதுதான் சேர்த்த பெயருக்குப் பழைய உண்மை முகவரியையே காட்டும். பை-ஹோலில் சேர்த்தவுடன் ஒரு சிஸ்டத்தில் அடைபட்டு, பக்கத்து சிஸ்டத்தில் திறப்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். மறுபக்கம், அடைத்ததை விடுவிக்கும்போது இந்தத் தொல்லை குறைவு: பை-ஹோல் தன் தடுப்புப் பதிலுக்கு வெறும் 2 விநாடி ஆயுள்தான் கொடுக்கிறது.

ஹோஸ்ட்ஸ் ஃபைல்

சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போனால் இருக்கும். நோட்பேடை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்து, அதற்குள்ளிருந்து இந்த ஃபைலைத் திறக்க வேண்டும். ஒரு வரிக்கு முகவரி, ஒரு இடைவெளி, பெயர். ஹெச்டிடிபிஎஸ் முன்னொட்டு கூடாது, சாய்கோடு கூடாது, நட்சத்திரக் குறி போட்டு எல்லா உட்பெயரையும் அடைக்கவும் முடியாது. எக்ஸாம்பிள்.காம் ஒரு வரி, முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டது இன்னொரு வரி, மொபைலுக்குத் தனிப் பெயர் இருந்தால் அது மூன்றாவது. பிங்கில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் தளம் மற்ற பெயரில் திறந்துகொள்ளும். அதே பெயருக்கு இரட்டைக் கோலன் போட்ட ஐபிவி6 வரியையும் சேர்த்துவிடுவது நல்லது.

சேவ் செய்தும் பிங் உண்மை முகவரியையே காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது ஃபைலின் பெயர். நோட்பேட் சத்தமில்லாமல் வால் ஒட்டி ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி ஆக்கியிருக்கும். எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் செய்தால் தெரியும். அடுத்தது என்கோடிங்: யுடிஎஃப்-16-இல் சேவ் ஆகியிருந்தால் விண்டோஸ் அதைப் படிக்காது, ஏஎன்எஸ்ஐ கொடுங்கள். மூன்றாவது, விண்டோஸ் டிஃபெண்டர். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சில வகைப் பெயர்களைக் கண்டால், குறிப்பாக மைக்ரோசாஃப்ட் முகவரிகளை அடைத்திருந்தால், அதை ஹைஜாக் என்று கணித்து ஃபைலையே பழைய நிலைக்குத் திருப்பிவிடும். நேற்று அடைபட்டது இன்று திறந்தால் டிஃபெண்டரின் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள்.

127.0.0.1-க்குப் பதில் 0.0.0.0 போடுவதே மேல். 127.0.0.1 போட்டால் பிரவுசர் அதே சிஸ்டத்தின் 443-ஐப் போய்த் தட்டும். உள்ளே ஏதாவது சர்வர் மென்பொருள் ஓடினால் அது பதில் சொல்லித் தொலைக்கும். 0.0.0.0 போட்டால் விண்டோஸ் பிங் "டிரான்ஸ்மிட் ஃபெயில்டு, ஜெனரல் ஃபெயிலியர்" என்றோ, பெயரே கிடைக்கவில்லை என்றோ சொல்லும். இரண்டும் தடுப்புதான். லினக்ஸில் மட்டும் ஒரு வேடிக்கை: 0.0.0.0-க்குப் பிங் போட்டால் அது 127.0.0.1-க்குப் போய் ரிப்ளை வரும். ஒரே தடுப்பு, இரண்டு இயங்குதளத்தில் இரண்டு முகம்.

பிங்கோடு என்எஸ்லுக்கப்பையும் சேர்த்துப் போடுங்கள்

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் எந்த அடுக்கு வேலை செய்கிறது என்று தேட வேண்டியதே இல்லை. பிங், சிஸ்டம் கேட்கிற வழியிலேயே கேட்கும்: கேஷ் (நினைவில் வைத்த பழைய பதில்கள்), ஹோஸ்ட்ஸ் ஃபைல், அதற்குப் பிறகு டிஎன்எஸ். என்எஸ்லுக்கப் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் கேஷையும் தாண்டி, நேராக டிஎன்எஸ் சர்வரிடமே கேட்கும்.

பிங்கில் 0.0.0.0, என்எஸ்லுக்கப்பிலும் 0.0.0.0 வந்தால் பை-ஹோல் அடைக்கிறது. பிங்கில் அடைபட்டு என்எஸ்லுக்கப்பில் உண்மை முகவரி வந்தால் ஹோஸ்ட்ஸ் ஃபைல் மட்டும்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த சிஸ்டத்துக்கு பை-ஹோல் போய்ச் சேரவில்லை. தலைகீழாக, என்எஸ்லுக்கப்பில் அடைபட்டு பிங்கில் உண்மை முகவரி வந்தால் பெரும்பாலும் பழைய கேஷ், அல்லது யாரோ ஹோஸ்ட்ஸ் ஃபைலில் உண்மை முகவரியையே எழுதி வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த பையன் ஒருவன் அலுவலகத்தில் இருந்தால் இதுவும் நடக்கும். இரண்டிலும் உண்மை முகவரி வந்தும் பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை என்றால் தடுப்பு டிஎன்எஸ்ஸில் இல்லை, வடிகட்டி மென்பொருளில் இருக்கிறது.

என்எஸ்லுக்கப் திரையில் மேலே முதல் இரண்டு வரி, எந்த சர்வரைக் கேட்டது என்று காட்டும். அங்கே பையின் முகவரி, நம் அமைப்பில் 192.168.1.5, இருக்க வேண்டும். 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) இருந்தால் அந்த சிஸ்டத்தின் அடாப்டரில் யாரோ கையால் டிஎன்எஸ் மாற்றியிருக்கிறார்கள். எஃப்இ80 என்றோ 2 என்றோ தொடங்கும் நீண்ட முகவரி இருந்தால் ஐபிவி6 வழியாக நழுவுகிறது. ஃபைபர் லைனில் இதுதான் பெரிய ஓட்டை. ஐபிவி4-க்கு டிஎன்எஸ் பை-ஹோல் என்று ரூட்டரில் பக்காவாகக் கொடுத்திருப்போம்; அதே ரூட்டர் ஐபிவி6 பக்கம் தன்னையே டிஎன்எஸ் என்று எல்லா சிஸ்டத்துக்கும் அறிவித்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் அதையே கேட்டுவிட்டுப் போய்விடும். -4, -6 எது போட்டாலும் கேள்வி தப்பான சர்வருக்குத்தான் போகிறது, பை-ஹோலின் கொரி லாகில் (வந்த கேள்விகளின் பதிவில்) அந்த சிஸ்டத்தின் பெயரே வராது. ரூட்டரின் லேன் பக்கத்தில் ஐபிவி6 டிஎன்எஸ்ஸை மாற்றும் இடம் இருந்தால் மாற்றுங்கள். லைன் கொடுத்தவர்கள் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தால் லேனில் ஐபிவி6-ஐயே அணைப்பதுதான் நடைமுறை வழி, அல்லது அவர்கள் பெட்டியை பிரிட்ஜில் (லைனை மட்டும் கடத்திவிடும் நிலையில்) போடச் சொல்லிவிட்டு நம் ரூட்டரை வைத்துக்கொள்ளலாம்.

பை-ஹோல் பெட்டி

ராஸ்பெரி பை 3பி+, 16 ஜிபி கார்டு, 5.1 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர், ரூட்டருக்கு ஒரு லேன் ஒயர். வைஃபையில் ஓட்ட வேண்டாம். முகவரியை டிஹெச்சிபி (ரூட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை) பங்கீட்டுக்கு வெளியே நிலையாக வைக்க வேண்டும். செல்ஃபோன் சார்ஜர் போட்டால் மின்னழுத்தம் இறங்கி, கார்டு கெட்டுப்போகலாம்.

ரூட்டரின் டிஹெச்சிபியில் முதல் டிஎன்எஸ் பை, இரண்டாவது டிஎன்எஸ் 8.8.8.8 என்று போடுவது பழக்கதோஷம். "பை நின்னு போச்சுன்னா நெட் ஓடணுமில்லைங்க" என்பார்கள். விண்டோஸ் முதலாவது பதில் தராமல் தாமதித்தாலே இரண்டாவதைக் கேட்கும். கேட்டபின் கொஞ்ச நேரம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். தடுப்பு சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. பிங் போட்டால் காலையில் 0.0.0.0, மத்தியானம் உண்மை முகவரி. இரண்டாவது இடத்தைக் காலியாக விடுங்கள், அல்லது இன்னொரு பை-ஹோல் போடுங்கள். மூன்றாவது வழி, 1.1.1.3 மாதிரி வடிகட்டித் தரும் பொது டிஎன்எஸ். அது ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் மட்டும் அடைக்கும், நம் ரம்மிப் பட்டியல் அதற்குத் தெரியாது. ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டு, 208.67.222.123, போட்டிருந்தால் அடைத்த பெயருக்கு 0.0.0.0 வராது, 146.112 என்று தொடங்கும் முகவரி வரும். அது அவர்களுடைய தடுப்புப் பக்கம் இருக்கிற சர்வர். அது பிங்குக்கு ரிப்ளையும் தரலாம். ரிப்ளையைப் பார்த்து ஏமாற இது இன்னொரு இடம்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் தனியாக ஒரு தொல்லை. பை 3-இல் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் வந்தபின் அது பழைய நேரத்தில் எழுந்து, நெட்டில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். பை-ஹோலில் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியா என்று கையெழுத்தை வைத்துப் பார்க்கும்) சோதனையை இயக்கி வைத்திருந்தால் தப்பான நேரத்தில் கையெழுத்துகள் செல்லாது, அதனால் நேர சர்வரின் பெயரே கிடைக்காது, பெயர் கிடைக்காததால் நேரமும் திருந்தாது. அடைத்த பெயர், அடைக்காத பெயர் இரண்டுமே பிங்கில் விழும். டிஎன்எஸ்செக்கை அணைத்து வையுங்கள், அல்லது பெயருக்குப் பதில் ஐபி முகவரியால் நேர சர்வரைக் கொடுங்கள். பையும் ரூட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருப்பது அவசியம்.

கையால் டிஎன்எஸ் மாற்றுவதை நிறுத்த, ரூட்டர் ஃபயர்வாலில் பையைத் தவிர மற்ற எல்லாருக்கும் வெளியே போகும் 53 போர்ட்டை, டிசிபி யுடிபி இரண்டையும், அடைக்க வேண்டும். மிக்ரோடிக் ரூட்டர் வைத்திருப்பவர்கள் அடைப்பதற்குப் பதில் டிஎஸ்டி-நேட் போட்டு (கேள்வி போகும் முகவரியை மாற்றி) பையிடமே திருப்பிவிடலாம். பையின் சொந்தக் கேள்விகளை விதியில் விலக்க மறந்தால் அது சுற்றிச் சுற்றித் தன்னிடமே வரும். சோதனை: என்எஸ்லுக்கப் எக்ஸாம்பிள்.காம் 8.8.8.8. டைம் அவுட் ஆனால் அடைப்பு சரி, 0.0.0.0 வந்தால் திருப்பல் சரி, உண்மை முகவரி வந்தால் கதவு திறந்திருக்கிறது. இங்கே "பிங் 8.8.8.8" போட்டு ரிப்ளை வருகிறதே என்று பதற வேண்டாம். அது ஐசிஎம்பி, நாம் அடைத்தது 53.

ஃபயர்வாலில் ஐபி முகவரியையே அடைத்திருந்தால் திரையில் "ரிப்ளை ஃப்ரம் 192.168.1.1: டெஸ்டினேஷன் நெட் அன்ரீச்சபிள்" என்று வரலாம், அதாவது பதில் சொல்வது ரூட்டர். கீழே விண்டோஸ் "லாஸ்ட் = 0" என்று போடும், ஏனென்றால் 'போக முடியாது' என்ற செய்தியையும் அது பதில் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. கணக்கு வரியை நம்பாதீர்கள். தளத்திலிருந்தே வந்த பதிலில் மட்டும்தான் டிடிஎல்= என்ற துண்டு இருக்கும். இந்த முறையில் பெரிய தளங்களை அடைக்கப் பார்க்கவும் வேண்டாம்: பிங் காட்டும் முகவரி நாளைக்கு மாறும், ஒரே முகவரியில் சம்பந்தமில்லாத தளங்களும் குடியிருக்கும். ரம்மியை அடைக்கப் போய் பையர் போர்ட்டல் அடைபடும்.

பிங் சுத்தம், பிரவுசரில் திறக்கிறது

இதுதான் ஆளைச் சுற்றவிடும் நிலை. காரணங்கள் மூன்று நான்குதான். குரோமில் செக்யூர் டிஎன்எஸ் அமைப்பில் ஒருவர் தனியாக ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், பெயர் கேட்பது 443 வழியாக மறைகுறியாக்கி வெளியே போய்விடும். பை-ஹோலுக்குத் தெரியவே தெரியாது. தானியங்கி நிலையில் விட்டிருந்தால் பையின் உள் முகவரியை மீறாது. அலுவலக சிஸ்டங்களில் குரோம் பாலிசியில் டிஎன்எஸ்ஓவர்ஹெச்டிடிபிஎஸ்மோடு என்பதற்கு ஆஃப் கொடுத்துவிட்டால் யாரும் மாற்ற முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் இந்த வசதியைத் தானாக இயக்கும் முன் ஒரு குறிப்பிட்ட பெயரைக் கேட்டுப் பார்க்கும். பை-ஹோல் அதற்கு "இல்லை" என்று பதில் தருவதால் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் கையால் இயக்கினால் ஒதுங்காது.

அடுத்தது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு. அடைப்பதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த வீடியோ ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதற்குப் பெயர் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. குரோமை மூடினாலும் பின்னணியில் ஓடும். டாஸ்க் மேனேஜரில் முடித்துவிட்டுச் சோதியுங்கள். விபிஎன் எக்ஸ்டென்ஷனும் பிங்கில் தெரியாது.

ஆண்ட்ராய்டு போனில் பெயர் கேட்பதை மறைகுறியாக்கி அனுப்பும் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஓர் அமைப்பு ஆண்ட்ராய்டு 9-இலிருந்து இருக்கிறது. அது போன் முழுக்கப் பொருந்துவதால் டெர்மக்ஸ் ஆப்பில் பிங் போட்டாலே உண்மை முகவரி வந்து மாட்டிக்கொள்ளும். ஆக, போனில் பிங் கண்டுபிடிக்கும், குரோமின் செக்யூர் டிஎன்எஸ்ஸை எங்கேயும் கண்டுபிடிக்காது. பிரைவேட் டிஎன்எஸ்ஸை அடைக்க 853 போர்ட்.

வடிகட்டி மென்பொருள் போட்ட சிஸ்டத்தில் பிங் ஒன்றுக்கும் ஆகாது. அது பிரவுசரின் போக்குவரத்தை இடையில் மறித்துப் பார்க்கிறது, ஐசிஎம்பியைத் தொடுவதில்லை. அங்கே கர்ல் (பிரவுசர் போலத் தளத்தையே கேட்டுப் பார்க்கும் கட்டளை) போடுங்கள், விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது: கர்ல் -ஐ -எம் 10, பிறகு ஹெச்டிடிபிஎஸ் முன்னொட்டோடு முழுப் பெயர். (ஐ பெரிய எழுத்து.) 200 அல்லது 301 வந்தால் திறந்திருக்கிறது. கனெக்‌ஷன் ரீசெட், சர்டிஃபிகேட் பிழை, 403 எல்லாம் மறிப்பின் அடையாளங்களாக இருக்கலாம். அடைக்காத பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில மென்பொருள்கள் பிரவுசரின் பெயரைப் பார்த்து அதை மட்டும் மறிக்கும், கர்லை விட்டுவிடும். அப்போது பிரவுசரிலேயே பக்கத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னப் படத்தைச் சொடுக்கி, சான்றிதழை யார் கொடுத்தது என்று பாருங்கள். அங்கே மென்பொருளின் பெயர் இருந்தால் அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

தினசரிச் சோதனைக்கு, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு சின்ன பேட்ச் ஃபைல் போதும்: ஃப்ளஷ், அடைத்த பெயருக்கு ஒரு பிங், அடைக்காத பெயருக்கு ஒரு பிங், அடைத்த பெயருக்கு ஒரு என்எஸ்லுக்கப், எல்லாவற்றையும் தேதியோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் காலை 9:30-க்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2:30-க்கும் வையுங்கள். காலையில் மட்டும் வைத்தால் அந்த இரண்டாவது டிஎன்எஸ் கோளாறு அகப்படாது.